இன்லைன் ஸ்கேட்டில் நிற்பது எப்படி? குவாட்டில் பழகியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வீல் உள்ள குவாட் ரோலர் ஸ்கேட்டில் ஒன்றிரண்டு வருஷம் ஓடியவர், வீல்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைனை மாட்டிய முதல் நாளே நன்றாக ஓடிவிடுவார். தள்ளுகிற கால், சறுக்குகிற கால், உடம்பைத் தாழ்த்திக் குனிவது எல்லாம் ஏற்கெனவே கைவந்தவை. நிற்கச் சொன்னால்தான் வண்டவாளம் தெரியும். வேகம் ஏறியிருக்கும், குறுக்கே ஒரு ஆடு வரும், கால் பழைய வழக்கப்படி விரல் நுனியைத் தரையில் ஊன்றும். இன்லைனில் அங்கே பிரேக் ரப்பர் கிடையாது. முன் வீல் தரையைக் குத்தி ஆள் குப்புற விழுவார்.

எனவே இங்கே ஓடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை, நிறுத்துவது மட்டும்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத் தெருக்களை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது. தரை மாறினால் பிரேக் பிடிக்கிற விதமும் மாறும் என்பதால் ஊரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலுக்குக் கீழே மாறுவது

குவாட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வீல். விட்டம் பெரும்பாலும் 57 முதல் 62 மி.மீ. இன்லைனில் ஒரே வரிசையில் மூன்றோ நாலோ. புதிதாகப் பழகுபவர்களுக்கான ஜோடிகளில் 72 முதல் 84 மி.மீ. வரை, பந்தய ஜோடிகளில் 100, 110 மி.மீ. என்று போகும். வீல் பெரிதாக ஆக, ஒரே தள்ளுக்குக் கூடுதல் தூரம் உருளும். குவாட்டில் எந்த இடத்தில் பிரேக் போட ஆரம்பிப்பீர்களோ, அதே இடத்தில் இன்லைனில் ஆரம்பித்தால் தாண்டித்தான் நிற்பீர்கள்.

முன்பின்னாக இன்லைன் நீளமானது, அதனால் அந்தத் திசையில் குவாட்டைவிட நிதானம். பக்கவாட்டில்தான் ஆட்டம். கணுக்கால் உள்பக்கம் மடங்கிவிடும். அது பெரும்பாலும் ஷூ தளர்வாக இருப்பதால் வருவது. லேஸை நடுப்பாதத்தில் இறுக்கி, குதிகாலைப் பின்னுக்குத் தட்டி உட்காரவைத்து, அதன்பிறகு மேல் பக்கிளைப் போடுங்கள்.

குவாட்டில் பிரேக் விரல் நுனியில், இன்லைனில் குதிகாலுக்குப் பின்னால். குவாட்டில் ஒரு காலைப் பின்னே விட்டு, விரல் நுனியில் இருக்கிற அந்த ரப்பரை, அதாவது டோ ஸ்டாப்பை, இழுத்து நிற்போம். இன்லைனிலோ பிரேக் இருக்கிற காலை முன்னே நீட்டி, விரலைத் தூக்கி, குதிகாலை அழுத்த வேண்டும். இரண்டும் நேர் எதிர். மறக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். ஒற்றைக்காலில் சறுக்குவது, கால்களை அகட்டி வேகத்தைக் குறைப்பது, டி மாதிரி காலை வைத்து நிற்பது எல்லாம் சின்ன மாற்றத்தோடு கூடவே வந்துவிடும்.

நிற்கத் தெரியாமல் ஓடியவர்கள் ஆதியிலிருந்தே இருக்கிறார்கள். 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் சக்கரம் வைத்த காலணியோடு, வயலின் வாசித்துக்கொண்டே விருந்துக்குள் நுழைந்து, நிறுத்த வழியில்லாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார் என்று சொல்வார்கள். பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கிற நம் வட்டாரத்து வீடுகளுக்குள் ஸ்கேட்டோடு போகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

பிரேக்கை முதலில் பாருங்கள்

பழகுபவர்களுக்கான இன்லைன் ஜோடியில் குதிகால் பிரேக் ஒரே காலில்தான் இருக்கும், வழக்கமாக வலது காலில். பல மாடல்களில் ஆலன் கீ கொண்டு கழற்றி இடது காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தக் காலுக்கு வேண்டும் என்று தெரிந்துகொள்ள, வெறுங்காலில் ஒவ்வொரு காலாக 20 நொடி நின்று பாருங்கள். எந்தக் காலில் ஆடாமல் நிற்கிறீர்களோ அது உடம்பைத் தாங்குகிற கால். பிரேக் மற்றதில் இருக்கட்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் வலதிலேயே விட்டுவிடுங்கள்.

வேகப் போட்டிக்கான இன்லைனில் பிரேக்கே இருக்காது. மாறுகிற பிள்ளைக்கு முதல் ஜோடியாக அதை வாங்குவது சரியில்லை. வாங்கியாகிவிட்டது என்றால், பின்னால் சொல்லப்போகிற டி நிறுத்தம் நன்றாக வருகிறவரை மைதானத்தை விட்டு வெளியே விடாதீர்கள். இன்னொரு வழக்கமும் உண்டு: பிரேக் இருந்தால் கற்றுக்குட்டி என்று நினைத்து, பையன்கள் முதல் வாரமே அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். பின்னங்கால் குறுக்கே திரும்பும்போது ரப்பர் இடிப்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு கால்களும் தரையில் இருக்க, நேர்கோட்டில், சட்டென்று நிற்க அதைவிட நல்ல வழி புதியவருக்கு இல்லை. கழற்ற வேண்டாம்.

மாட்டி நின்றபடியே விரலைத் தூக்கிப் பாருங்கள். முன் வீல் இரண்டு மூன்று விரல் அளவு எழும்பும்போதே ரப்பர் தரையைத் தொட வேண்டும். அதற்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, அல்லது பிரேக் தளர்ந்து மேலேறியிருக்கிறது. போல்ட்டை இறுக்குங்கள். ரப்பரின் பக்கவாட்டில் ஒரு கோடு இருந்தால் அது தேய்மான எல்லை. அதைத் தாண்டி ஓட்டினால் உள்ளே இருக்கிற போல்ட் தரையில் உரசும். இரும்பு உரசினால் ஆள் நிற்கமாட்டார், வழுக்குவார்.

ஹெல்மெட், முழங்கால், முழங்கை உறைகள் குவாட்டில் பயன்படுத்தியவையே போதும். மணிக்கட்டுக்கான ரிஸ்ட் கார்டு இல்லாமல் பழகியிருந்தால் இப்போது வாங்கிவிடுங்கள். குதிகால் பிரேக்கைப் பழகும்போது பின்பக்கம் விழ வாய்ப்பு அதிகம், விழும்போது கை தன்னால் தரையில் ஊன்றும். துப்பட்டாவும் வேட்டியும் வேண்டாம்.

ஜமுக்காளத்தின் மேல் ஆரம்பம்

முதல் நாள் உருள வேண்டியதே இல்லை. வீட்டில் தடித்த ஜமுக்காளத்தையோ தேங்காய் நார்ப் பாயையோ விரித்து அதன்மேல் நில்லுங்கள். வீல் ஓடாது. ஆத்தங்குடிக் கல்மேல் நேரடியாக வேண்டாம். கண்ணாடிமேல் வார்த்து எடுத்த, பல வருஷம் துடைத்துத் துடைத்து மினுமினுப்பேறிய தளம் அது. வீலும் பிடிக்காது, ரப்பரும் பிடிக்காது, பிடித்தால் கறுப்புக் கோடு விழும். ஆச்சியிடம் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முழங்காலை மடக்குங்கள். கீழ்க்காலின் முன்னெலும்பு ஷூவின் நாக்கில் அழுந்தட்டும். கைகள் இரண்டும் இடுப்பு உயரத்தில் முன்னால். இப்போது பிரேக் காலை முன்னே நகர்த்துங்கள்: அதன் பின் வீல் மற்ற காலின் முன் வீலுக்குப் பக்கத்தில் வரும்வரை. இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு உள்ளங்கை அகலம் போதும். உடம்பின் பாரம் பெரும்பாலும் பின்காலில். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முன்காலை ஒரு நொடி தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் சரி. எடுத்ததும் முன்னே சாய்ந்தால் பாரம் இன்னும் முன்னால் இருக்கிறது. குவாட்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுவார்கள்.

அடுத்து விரலைத் தூக்குங்கள். பின் வீலும் ரப்பரும் தரையில் இருக்க, மற்ற வீல்கள் எழும்பும். கூடவே தாழ்வான மணையில் உட்காரப் போவது போல இடுப்பை இறக்கி, முன்காலை இன்னும் முன்னே தள்ளுங்கள். அழுத்தம் பாதத்தின் பலத்தால் வருவதில்லை, இடுப்பு இறங்குவதால் வருகிறது.

அழுத்தம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஜமுக்காளத்தின் ஓரத்தை மடித்து, பின்கால் ஜமுக்காளத்திலும் பிரேக் கால் வெறுந்தரையிலும் இருக்கும்படி, சுவரைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை ரப்பருக்கு அடியில் வைத்து, விரலைத் தூக்கி அழுத்துங்கள். வீட்டில் யாரையாவது தாளை இழுக்கச் சொல்லுங்கள். முழுசாக உருவி வந்தால் நீங்கள் தொட்டுக்கொண்டு இருக்கிறீர்கள், அவ்வளவுதான். பாதியில் கிழிந்தால் அழுத்துகிறீர்கள். தாள் கிழிகிறவரை இதைச் செய்யுங்கள்.

உருளும்போது

சமமான, மண் இல்லாத, 30 மீட்டர் நீளமுள்ள இடம் வேண்டும். விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் மைதானம் நல்லது, கல்யாண மண்டபத்து வாகன நிறுத்தமும் ஆகும். தெரு வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு ஜோடிச் செருப்பை 10 மீட்டர் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்குச் செருப்பே சிறந்தது, மோதினாலும் ஒன்றும் ஆகாது.

முதல் சுற்றில் பிரேக்கைத் தொடவே வேண்டாம். மூன்று தள்ளு தள்ளி, முதல் செருப்பு வந்ததும் பிரேக் காலை முன்னே விட்டு, அந்த நிலையிலேயே அடுத்த செருப்புவரை உருளுங்கள். கால்கள் விலகிப்போகாமல், நேர்கோட்டில், ஆடாமல் வர வேண்டும். இது வராமல் அடுத்ததுக்குப் போனால் விழுவீர்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் தாண்டிப்போகிற படி இதுதான்.

இரண்டாவது சுற்றில் விரலை மெல்லத் தூக்கி, ரப்பர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கட்டும். நிற்க முயல வேண்டாம். ‘சர்ர்ர்’ என்று ஒரே சீராகக் கேட்டால் நல்லது. ‘தடதட’ என்று அதிர்ந்தால் பிரேக் கால் விறைப்பாக இருக்கிறது, அல்லது உடம்புக்கு நேர் கீழே இருக்கிறது. காலை இன்னும் முன்னே நீட்டி, பின்காலின் முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

மூன்றாவது சுற்றில் அழுத்துங்கள். உரசல் ஆரம்பித்த பிறகு இடுப்பை இறக்கிக்கொண்டே போனால் வேகம் தானாகச் சாகும். ஒரே மிதியாக மிதிக்காதீர்கள். தொட்டு, பிறகு கூட்டி, முழுதாக நிற்கும்வரை விடாமல் அழுத்த வேண்டும். கடைசி ஒரு மீட்டரில் விரலை இறக்கிவிடுவது பலருக்கும் வழக்கம். வேகம் குறைந்ததே போதும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. தெருவில் அந்த ஒரு மீட்டரில்தான் மாட்டின் வால் இருக்கும்.

பிறகுதான் அளவு. செருப்புக்கு நேரே பிரேக்கை ஆரம்பித்து, எங்கே நின்றீர்கள் என்று அடி போட்டு எண்ணுங்கள். மெதுவோட்ட வேகத்தில் 4 மீட்டருக்குள் நிற்க முடிந்த பிறகு ஒரு தள்ளைக் கூட்டுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 2 மீட்டரில் நின்றவருக்கு 20 கி.மீ. வேகத்தில் 8 மீட்டர் வேண்டும். போதாததற்கு, அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போய்க்கொண்டிருப்பீர்கள். ‘அய்யய்யோ’ என்று திகைக்கிற நேரமும் அந்தக் கணக்கில் சேரும்.

நாளுக்கு 20 நிமிஷம் போதும். தொடை கடுத்த பிறகு இடுப்பு இறங்காது, இறங்காத இடுப்போடு பழகினால் தப்பான பழக்கம்தான் ஊறும்.

எங்கே தவறுகிறது

குவாட்காரரின் பின்கால் குதிகால் தரையிலிருந்து எழும்பிவிடும். டோ ஸ்டாப்பை இழுத்துப் பழகிய கால் அது. இன்லைனில் பின்காலின் எல்லா வீல்களும் தரையில் அப்பிக்கொண்டு இருக்க வேண்டும். எழும்பினால் பாரம் முன்காலுக்குப் போய், ரப்பரின் மேல் குப்புற விழ வேண்டியதுதான். யாரையாவது பக்கவாட்டில் நின்று பின்குதிகாலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குத் தெரியாமல் நடக்கிற தப்பு இது.

இதற்கு நேர் எதிராகச் சிலர் பின்னால் சாய்வார்கள். இடுப்பை இறக்கு என்றால் முதுகைச் சாய்க்கிறார்கள். கைகள் பின்னே போய்விடும், அடுத்து இடுப்பெலும்பு அடிபடும். இரண்டு ரிஸ்ட் கார்டுகளும் எப்போதும் கண்ணில் படுகிற மாதிரி கையை முன்னால் வைத்துக்கொண்டால் முதுகு சாயாது.

பிரேக் இருக்கிற பக்கமாக உடம்பு திரும்பினால் தோள் திரும்பியிருக்கிறது, அல்லது கால்கள் அகன்றிருக்கின்றன. கால்களை நெருக்கி, பார்வையைத் தூரத்தில் ஒரு கம்பத்தில் வையுங்கள். ரப்பரைக் குனிந்து பார்க்கிறவருக்கு நேராக நிற்க வராது.

அழுத்தியும் நிற்கவே இல்லை என்றால், பின்கால் மடங்காமல் கம்பாக இருக்கிறது. வேறு காரணம் தேட வேண்டாம்.

அகட்டி நிறுத்துவதும் டி நிறுத்தமும்

கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, விரல்களைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி, குதிகால்களை வெளியே தள்ளுவதைக் குவாட்டிலேயே செய்திருப்பீர்கள். இன்லைனில் வீல்களின் உள் விளிம்பு அழுந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். விரல்கள் அதிகம் உள்ளே திரும்பினால் இரண்டு காலும் ஒன்றோடொன்று மோதும். மெதுவான வேகத்துக்கு இது போதும், ஆளுக்குப் பின்னால் ஆளாகப் போகும்போது உதவும். சட்டென்று நிற்க இதை நம்பாதீர்கள்.

டி நிறுத்தம் அடுத்த கட்டம். அதற்கு முன் ஒற்றைக்காலில் ஐந்து எண்ணுகிறவரை உருளத் தெரிய வேண்டும். முழுப் பாரமும் முன்காலில், முழங்கால் நன்றாக மடங்கியிருக்க, மற்ற காலைப் பின்னால் குறுக்காக வைத்து வீல்களின் உள் விளிம்பை லேசாக இழுங்கள். நாலு வீலும் ஒருசேர உரச வேண்டும். முன் வீல் மட்டும் பட்டால் கால் சுழன்று உடம்பையும் சுழற்றிவிடும். குவாட்காரர் டோ ஸ்டாப் ஞாபகத்தில் விரல் நுனியைத்தான் முதலில் இறக்குவார். குதிகாலை முதலில் வைப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

பின்காலில் சாய்ந்து நிற்கவும் கூடாது. அப்படிச் செய்தால் வீல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும், பிறகு உருளும்போதெல்லாம் இடிக்கும். ஒழுங்காகச் செய்தாலும் இழுக்கிற காலின் உள் விளிம்பு சீக்கிரம் தேயும். அவ்வப்போது வீல்களைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, இரண்டு காலுக்கும் மாற்றிப் போடுங்கள்.

ஐஸ் ஹாக்கிக்காரர் மாதிரி இரண்டு காலையும் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிற்பதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன மூன்றும் யோசிக்காமல் வருகிறவரை அதைத் தொட வேண்டாம்.

தெருவில் இறங்கும்போது

நகரத்தார் வீடு ஒன்றின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். அதனால் தெருக்கள் நீளமாக, நேராக இருக்கும். ஸ்கேட்டுக்குத் தோதாகத் தெரியும், வேகமும் ஏறும். ஆனால் குறுக்குச் சந்து சேருகிற இடங்களில் உயர்ந்த மதில் மறைத்து நிற்கும். மோட்டார் சைக்கிள் வருவது சத்தத்தில்தான் தெரியும், சைக்கிள் என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு சந்து முனைக்கும் 10 மீட்டர் முன்பே பிரேக் காலை முன்னே விட்டுத் தயாராகுங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

விடிகாலை நல்ல நேரம், வெயிலும் வண்டியும் குறைவு. ஆனால் அப்போதுதான் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். ஈரத்தில் ரப்பர் பாதிகூடப் பிடிக்காது, கோலப்பொடி வீலுக்கு அடியில் வழுக்கும். நடுத்தெருவிலேயே போங்கள். கோலத்தைக் கலைத்துவிட்டு நின்றால் விழுந்த வலியைவிட வாங்குகிற வசவு பெரிதாக இருக்கும்.

இணையத்தில் பார்க்கிற பாடங்களில், பிரேக் கைவிட்டால் ஓரத்துப் புல்லில் இறங்கிவிடு என்பார்கள். நம் சாலை ஓரத்தில் புல் ஏது? செம்மண்ணும் சரளைக்கல்லும்தான், அதைத் தாண்டினால் சீமைக் கருவேல முள். சரளையில் வீல் சட்டென்று அடைபட்டு ஆளை முன்னே எறியும். ஓரம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு காலை முன்னே விட்டு, பாரத்தைப் பின்னே வைத்து, இறங்கியதும் குட்டிக் குட்டி எட்டாக ஓடி வேகத்தைத் தீருங்கள். அதுவும் முடியாவிட்டால் முழங்கால் உறைமேல் விழுவது மேல். திண்ணைத் தூணையோ மின்கம்பத்தையோ பிடித்து நிற்க நினைக்காதீர்கள், தோள் இறங்கிவிடும்.

வேகத்தடையையும் பேவர் பிளாக் இடுக்கையும் இதே ‘ஒரு கால் முன்னே’ நிலையில், முழங்காலைத் தளர்த்திக்கொண்டு கடக்கலாம். ஊரணிக் கரையிலிருந்து இறங்குகிற சரிவுகளில் மேலே இருக்கும்போதே ரப்பரைத் தரையில் வைத்துவிடுங்கள். வேகம் ஏறிய பிறகு பிரேக்கைத் தேடினால் சரிவு முடிகிறவரை நிற்காது. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் தார் இளகி வீலில் ஒட்டும், ஐந்து மணிக்கு மேல் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு காய்கிறவரை காத்திருங்கள். ஈரத்தில் டி நிறுத்தம் அறவே வேண்டாம், தாங்குகிற காலே வழுக்கும்.

பிரேக் ரப்பரை வாரம் ஒருமுறை பாருங்கள். சொரசொரப்பான தார்ச்சாலையில் அது வேகமாகக் கரையும், பள்ளிக்கூடச் சிமெண்டில் கொஞ்சம் தாங்கும். மாற்று ரப்பர் வாங்கும்போது ஸ்கேட்டின் மாடல் பெயரைச் சொல்லியே வாங்குங்கள். ஒன்றின் ரப்பர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. புது ரப்பர் தடிமனாக இருப்பதால் விரலைக் கொஞ்சம் தூக்கியதுமே தரையைத் தொட்டுவிடும். அடிப்பக்கம் சரிவாகத் தேய்ந்து பொருந்தும்வரை அதன் பின்முனை மட்டும்தான் உரசும், பிடிப்பு குறைவாக இருக்கும். மாற்றிய அன்று செருப்பு அடையாளத்தை வைத்து மெதுவான வேகத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போங்கள்.